ஓரணாவுக்கு எத்தனை பைசா?

(செவியியல் ஆய்வு நிரல்களை ஒரு கணினி மொழியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவது குறித்து இளையரசனேந்தலில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அறக்கட்டளை யார் நினைவாக நடக்கிறதோ அந்த ஆசிரியரை இந்தப் பக்கத்தில் யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. ‘கணக்கு சார்’ என்றால் போதும். நானும் அவரிடம் படித்தவன். விடை சரியாக இருந்தாலும் பாதி மதிப்பெண்தான் போடுவார். “ஏலே, திருப்பிப் போட்டுப் பாத்தியா?” என்று கேட்பார். கழித்ததைக் கூட்டிப் பார்க்க வேண்டும், வகுத்ததைப் பெருக்கிப் பார்க்க வேண்டும். அதையும் நோட்டில் எழுதிக் காட்டினால்தான் மீதிப் பாதி. அந்த மீதிப் பாதியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

நான் செவியியல் ஆய்வு செய்கிறவன். காது எப்படிக் கேட்கிறது என்பதைக் கணக்காக எழுதிக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது என் வேலை. இதற்கு வந்த காரணமும் இந்த மண்ணில்தான் இருக்கிறது. என் அப்பா சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டியவர். தறிக்கூடத்தில் பேச்சு எடுபடாது; கையும் உதடும்தான் பேசும். வீட்டுக்கு வந்த பிறகும் அவர் எங்கள் உதட்டைத்தான் பார்ப்பார். இரைச்சல் காதைக் கெடுக்கும்போது பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்து ஒலிகளைத்தான் முதலில் பறிக்கும். உயிரெழுத்து கேட்கும், ‘ஸ்’ போன்ற மெல்லிய உரசல்கள் நழுவும். ‘நீங்க பேசுறது கேக்குது, என்ன சொல்றீங்கன்னுதான் தெரியல’ என்று அப்பா சொல்வார். அந்த ஒரு வாக்கியத்தை எண்களாக்க முடியுமா என்பதுதான் என் படிப்பு முழுவதும்.

காது ஒரு கணக்கு

நம் உட்காதில் நத்தைக் கூடு போலச் சுருண்ட குழாய் ஒன்று உண்டு. விரித்தால் சுமார் 35 மில்லிமீட்டர். அதற்குள் ஏறக்குறைய 3,500 உள்மயிர்ச் செல்கள். அங்கிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பிழைகள் ஏறத்தாழ 30,000. குழாயின் வாசல் பக்கம் கீச்சுக் குரலுக்குத் துடிக்கும், உள்முனை கனத்த குரலுக்குத் துடிக்கும். இந்த ஏற்பாட்டைப் படிப்படியாகக் கணக்கில் எழுதினால் அதுதான் செவி மாதிரி. ஒரு பக்கம் ஒலியைக் கொடுத்தால் மறுபக்கம் எண்கள் வரும்: எவ்வளவு உரக்கக் கேட்கும், பேச்சு எவ்வளவு புரியும், எந்த நரம்பு எப்போது துடிக்கும் என்று.

அந்தக் கணக்கை எழுத ஒரு கணினி மொழி வேண்டும். காது மாறுவதில்லை, கணினி மொழிதான் பதினைந்து இருபது வருடத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கிறது. எழுதியவர் ஓய்வு பெறுகிறார். அவருடைய மொழி தெரிந்த மாணவர் கிடைப்பதில்லை. மென்பொருளின் உரிமக் கட்டணத்தைச் சிற்றூர்க் கல்லூரியால் கட்ட முடிவதில்லை. அப்போது நிரலைப் புதிய மொழிக்கு மாற்றுகிறோம். ஆய்வகத்தில் இதைப் ‘போர்ட் பண்றது’ என்போம். யாருக்கும் பட்டம் வாங்கித் தராத வேலை. ‘மாத்தித்தானே எழுதுறே’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

இடம் மாறுவது என்றால் என்ன என்று இந்த ஊருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சங்கரன்கோவில் வட்டத்தில் இருந்த இளையரசனேந்தல் குறுவட்டம் தூத்துக்குடி மாவட்டத்துக்குப் போய்க் கோவில்பட்டி வட்டத்தில் சேர்ந்தது. ஊராட்சி நிர்வாகம் மட்டும் கூடவே வராமல் குருவிகுளம் ஒன்றியத்திலேயே நின்றது. பட்டாவுக்கு ஒரு மாவட்டம், தெருவிளக்குக்கு இன்னொரு மாவட்டம். ஊர் நகரவில்லை, ஏடுகளில் பாதி நகர்ந்தது, பாதி நகரவில்லை. நிரல் மாற்றத்திலும் இதே கதைதான். கண்ணுக்குத் தெரியும் வரிகள் புதிய மொழிக்கு வந்துவிடும். எழுதப்படாத வழக்கங்கள் பழைய மொழியிலேயே தங்கிவிடும்.

ஓர் உரப்புக் கணக்கின் பயணம்

முதலில் நன்றாக நடந்த ஒரு பயணத்தைச் சொல்கிறேன். ஒலியின் உரப்பை அளக்கும் அலகு சோன். 1,000 ஹெர்ட்ஸ் ஒலி 40 டெசிபெல்லில் கேட்டால் அது 1 சோன். பத்து டெசிபெல் ஏற்றினால் காதுக்கு இரு மடங்காகத் தோன்றும், அது 2 சோன். ஒற்றை ஒலிக்கு இது எளிது. லாரி இரைச்சல், மிக்ஸி இரைச்சல் போன்று பல ஒலிகள் கலந்தால் ஒன்றையொன்று மறைக்கும், கூட்டல் எளிதாக இருக்காது. ஜெர்மனியின் எபர்ஹார்ட் ட்ஸ்விக்கர் அதற்கு ஒரு முறை வகுத்தார். தொடக்கத்தில் அது காகித வேலை: அச்சிட்ட வரைபடத் தாளில் அளவுகளைக் குறித்துக் கோடிழுத்து, கோட்டுக்குக் கீழுள்ள பரப்பை அளப்பார்கள். 1972இல் பாலுஸும் ட்ஸ்விக்கரும் அதை ஃபோர்ட்ரான் நிரலாக வெளியிட்டார்கள். 1984இல் ட்ஸ்விக்கர், ஃபாஸ்டல், டால்மையர் மூவரும் பேசிக் மொழியில் தந்தார்கள். 2017இல் வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 532-1 என்ற உலகத் தரநிலையில் அது சி மொழியில் இருக்கிறது. இப்போது மொஸ்கிட்டோ என்ற திறந்த மென்பொருளில் பைத்தானில் ஓடுகிறது.

தாளில் தொடங்கிய கணக்கு நாலு மொழி தாண்டியும் கலையவில்லை. காரணம், அந்தத் தரநிலை நிரலை மட்டும் தரவில்லை. சோதனை ஒலிகளையும் தருகிறது. அந்தந்த ஒலிக்கு வரவேண்டிய விடையையும் தருகிறது. எவ்வளவு விலகலாம் என்ற வரம்பும் சொல்கிறது: 5 விழுக்காடு அல்லது 0.1 சோன். எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுது, இந்த ஒலிகளைக் கொடு, இந்த எண் வரவேண்டும். கணக்கு சாரின் மீதிப் பாதி மதிப்பெண் அங்கே அச்சிலேயே இருக்கிறது.

பெரும்பாலான ஆய்வு நிரல்களுக்கு இந்தப் பாக்கியம் இல்லை. ஒரு மாணவர் முனைவர் பட்டத்துக்காக அவசரத்தில் எழுதியது, அடுத்த மாணவர் ஒட்டுப்போட்டது, மூன்றாமவர் தன் கணினியில் ஓடினால் போதும் என்று திருத்தியது. அவற்றை மாற்றும்போது என்ன நேரும் என்று பார்க்க நம் வீட்டுக் கணக்குக்கே போகலாம்.

நாலணாவும் நாலு ஓரணாவும்

1957 ஏப்ரல் 1 அன்று நம் நாட்டில் ரூபாய்க்கு 16 அணா என்ற கணக்கு போய் 100 நயா பைசா வந்தது. ஓரணா என்பது 6.25 பைசா. கால் பைசாவுக்கு நாணயம் கிடையாது. ஆகவே ஓரணாவுக்கு 6 பைசா, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 என்று பட்டியல் போட்டார்கள். என் ஆச்சி சொல்வாள்: ‘ஓரணாவ ஒண்ணொண்ணா மாத்தாதே, நாலாச் சேத்து மாத்து.’ தனித்தனியாக மாற்றினால் நாலு ஆறு 24. சேர்த்து மாற்றினால் 25. ஆச்சி பள்ளிக்கூடம் போனதில்லை. முழுமையாக்கலில் வரும் பிழை சேர்ந்துகொண்டே போகும் என்பது கணிப்பியல் பாடத்தில் ஓர் அத்தியாயம். அவளுக்கு அது முந்தானை முடிச்சுச் செய்தி.

இன்னொன்றையும் கவனியுங்கள். இரண்டணா சரியாக 12.5 பைசா, பட்டியலில் 12. ஆறணா சரியாக 37.5 பைசா, பட்டியலில் 37. அரை வந்தால் விட்டுவிடு என்பது அன்றைய விதி. இதே 12.5ஐ மேட்லாப் மொழியில் முழுமையாக்கச் சொன்னால் 13 தரும். அரை வந்தால் மேலே ஏற்றும். பைத்தான் 12 தரும். சரி, பைத்தான் அரசு விதிப்படி நடக்கிறது என்று நினைத்தால், 37.5க்கு அது 38 தரும். அரை வந்தால் பக்கத்திலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குப் போவது அதன் வழக்கம். மூன்று கணக்கப்பிள்ளைகள், மூன்று வழக்கங்கள். யாரும் தப்புச் செய்யவில்லை.

இது காதுக்கு எங்கே வருகிறது? பேச்சை ஆராயும்போது அதைச் சிறு துண்டுகளாக வெட்டுவோம். 25 மில்லிவினாடித் துண்டு என்பது பரவலான வழக்கம். இசைக் குறுந்தகட்டின் தரத்தில் ஒலியை வினாடிக்கு 44,100 புள்ளிகளாகப் பதிவு செய்கிறோம். அப்படியானால் 25 மில்லிவினாடிக்கு எத்தனை புள்ளி? 1,102.5. மேட்லாப் 1,103 என்று எடுக்கும், பைத்தான் 1,102 என்று எடுக்கும்.

இந்த இடத்தில் நான் விழுந்தேன். மாணவனாக இருந்தபோது ஆய்வகத்தின் பழைய மேட்லாப் நிரலைப் பைத்தானுக்கு மாற்றினேன். விடைகள் மூன்றாம் தசம இடத்தில் வேறுபட்டன. ‘கிட்டத்தட்டச் சரி’ என்று எழுதி வைத்தேன். நீளமான பதிவுகளைக் கொடுத்தபோது வேறுபாடு வளர்ந்தது. பதினோரு நாள் தேடினேன். துண்டுக்கு ஒரு புள்ளி, வினாடிக்கு 40 துண்டு, 40 புள்ளி நழுவல்; ஏறக்குறைய 0.9 மில்லிவினாடி. ஒரு நிமிடப் பதிவின் கடைசியில் இரண்டு நிரல்களும் வெவ்வேறு ஒலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஆச்சியின் ஓரணாவை நான் ஒண்ணொண்ணாக மாற்றியிருந்தேன்.

ஒரு புள்ளிதானே என்று தள்ளவும் முடியாது. அந்த ஒரு புள்ளி சுமார் 23 மைக்ரோவினாடி. ஒலி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அறிய, இரு காதுகளுக்கும் அது வந்துசேரும் நேர வேறுபாட்டை மூளை பயன்படுத்துகிறது. பழகிய காது 10 மைக்ரோவினாடி வேறுபாட்டைக்கூடப் பிடித்துவிடும். இரண்டு காதின் பாதையும் ஒன்றாகத் தள்ளினால் ஒன்றும் தெரியாது. ஒரு பாதை மட்டும் ஒரு புள்ளி தள்ளினால் நடுவில் நின்று பேசியவர் கொஞ்சம் ஓரமாக நகர்ந்துவிடுவார்.

ஒரே பெயர், வேறு பொருள்

நம் கோவில்பட்டி பெயரைக் கேட்டுக் கேரள நண்பர் ஒருவர் சிரித்தார். மலையாளத்தில் பட்டி என்றால் நாய். யாழ்ப்பாணத்து நண்பர் ‘பிறகு கதைப்போம்’ என்றால் அவர் கதை சொல்லப் போவதில்லை, பேசப் போகிறார். தெரியாத சொல் நம்மை ஏமாற்றாது. அகராதியைத் தேட வைக்கும். தெரிந்த சொல்தான் ஏமாற்றும்.

நிரல் மொழிகளிலும் அப்படித்தான். வினாடிக்கு எத்தனை புள்ளி என்ற மாதிரி வீதத்தை மாற்றும் கட்டளை இரண்டு மொழிகளிலும் ஒரே பெயரில் இருக்கிறது. மேட்லாபில் அது வடிகட்டி வைத்துச் செய்கிறது. பைத்தானின் சைபை நூலகத்தில் அதே பெயர் ஃபூரியே உருமாற்றத்தால் செய்கிறது. விளிம்புகளில் விடை வேறுபடும். பேச்சு எவ்வளவு புரியும் என்று மதிப்பிட உலகெங்கும் பயன்படும் ஸ்டோய் என்ற அளவுகோலை 2010ஐ ஒட்டி டால் குழுவினர் மேட்லாபில் வெளியிட்டார்கள். அதன் முதல் வேலையே ஒலியை வினாடிக்கு 10,000 புள்ளிக்கு மாற்றுவது. பைத்தானுக்குக் கொண்டுவந்தவர்கள் அந்த முதல் படியில்தான் அதிகம் மெனக்கெட வேண்டியிருந்தது. பழைய மொழியின் வடிகட்டியைப் புதிய மொழியில் தாங்களே கட்டினார்கள்.

திட்டவிலக்கமும் அப்படியே. எட்டுப் பேரைக் கேட்கவைத்து மதிப்பெண் வாங்குகிறோம்: 2, 4, 4, 4, 5, 5, 7, 9. சராசரி 5. திட்டவிலக்கம் கேட்டால் மேட்லாப் 2.14 சொல்லும், பைத்தானின் நம்பை நூலகம் 2 சொல்லும். முன்னது ஏழால் வகுக்கிறது, பின்னது எட்டால் வகுக்கிறது. புள்ளியியலில் இரண்டுக்கும் நியாயம் உண்டு. ஆய்வாளர் எதை வைத்துக் கட்டுரை எழுதினார் என்பது கட்டுரையில் இருக்காது. மொழியின் வழக்கத்தில் மறைந்திருக்கும்.

எண்ணத் தொடங்கும் இடமும் வேறு. மேட்லாப் ஒன்றிலிருந்து எண்ணும், பைத்தான் சுழியிலிருந்து எண்ணும். இதை எல்லோரும் அறிவார்கள், எல்லோரும் ஒருமுறையாவது சறுக்குவார்கள். செவியியலில் இதற்கு இன்னொரு கிளை உண்டு. காது கேளாத குழந்தைகளுக்குப் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளாண்டை நீங்கள் அறிவீர்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்கு அந்த அறுவை செய்கிறார்கள். ஒரு வகைக் கருவியில் 22 மின்முனைகள். அதில் ஒன்றாம் எண் கீச்சொலிப் பக்கம். வேறு வகைக் கருவிகளில் ஒன்றாம் எண் கனத்த ஒலிப் பக்கம். ஒரு கருவிக்கு எழுதிய ஆய்வு நிரலை எண்ணைத் திருப்பாமல் இன்னொன்றுக்குக் கொண்டுபோனால் குரலே தலைகீழாகும். பிழைச் செய்தி எதுவும் திரையில் வராது. நிரல் அமைதியாக ஓடி முடியும்.

தறிக்கூடத்தில் இரண்டு விடை

மறைந்திருக்கும் வழக்கம் மொழியிலிருந்துதான் வரவேண்டும் என்றில்லை. தறிக்கூடத்தில் 95 டெசிபெல் என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு நேரம் நிற்கலாம்? நம் தொழிற்சாலை விதிகளில் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபெல் வரம்பு. ஐந்து டெசிபெல் ஏறினால் நேரம் பாதியாகும். ஆக 4 மணி நேரம். அமெரிக்காவின் தொழில்சார் நலவாழ்வு நிறுவனமான நியோஷ் 1998இல் பரிந்துரைத்தபடி 85 டெசிபெல்தான் வரம்பு. மூன்று டெசிபெல் ஏறினாலே பாதி. அந்தக் கணக்கில் சுமார் 48 நிமிடம். 90, 5 என்ற இரண்டு எண்களும் நிரலின் நடுவில் பெயரில்லாமல் உட்கார்ந்திருக்கும். மாற்றுகிறவர் எழுத்துப் பிசகாமல் கொண்டுவருவார். வெளியே வரும் விடை ஒரு சட்டத்தின் விடை, காதின் விடை இல்லை என்பது யாருக்கும் தெரியாது. நான் அந்த எண்களுக்குப் பெயரிட்டு மேலே எழுதிவைக்கத் தொடங்கியது அப்பாவை நினைத்துத்தான். 4 மணி நேரத்துக்கும் 48 நிமிடத்துக்கும் நடுவில் எங்கோ அவருடைய காது இருக்கிறது.

எல்லிஸின் அடைப்புக்குறி

பழைய நிரலில் பிழை இருந்தால் என்ன செய்வது? நான் மாற்றிய அதே நிரலில் ஒன்றைக் கண்டேன். பதிவின் கடைசியில் முழுத் துண்டாக அமையாத மிச்சத்தை அது சொல்லாமல் விட்டுவிட்டது. பேசுகிறவரின் கடைசி அசை கணக்கிலேயே வரவில்லை. திருத்தி எழுதிவிடு என்று கை துடித்தது. ஆனால் அப்படித் திருத்தினால் பழைய விடையோடு ஒப்பிட முடியாது. வேறுபாடு என் தவற்றால் வந்ததா, பழைய நிரலை எழுதியவரின் தவற்றைத் திருத்தியதால் வந்ததா என்று எப்படித் தெரியும்?

இதற்கு வழிகாட்டியாக நான் வைத்திருப்பது 19ஆம் நூற்றாண்டு மொழிபெயர்ப்பாளர் ஒருவரை. ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1863இல் ஒலியுணர்வைப் பற்றி ஒரு பெருநூல் எழுதினார். செவியியலின் அடித்தளம் அது. அலெக்ஸாண்டர் எல்லிஸ் 1875இல் அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். மூலத்தோடு அவருக்குப் பல இடங்களில் கருத்து வேறுபாடு. அதற்காக மூலத்தை வளைக்கவில்லை. ஹெல்ம்ஹோல்ட்ஸ் சொன்னதைச் சொன்னபடி வைத்தார்; தன் சொற்களை அடைப்புக்குறிக்குள் வைத்தார்; நீண்டதைப் பிற்சேர்க்கையில் வைத்தார். எது யார் பேச்சு என்பது வாசகருக்குத் தெளிவாகத் தெரியும். ஒரு ஸ்தாயியை 1,200 பங்காக்கும் செண்ட் என்ற அளவை வகுத்தவரும் அவரே. 1885 பதிப்பின் பிற்சேர்க்கையில் அது விரிவாக இருக்கிறது. இன்று கர்நாடக இசை ஆய்வு நிரல்களைத் திறந்தால் சுருதி பெரும்பாலும் செண்டில்தான் இருக்கும்.

அந்த நூல் இங்கேயும் வந்தது. தன்னை உருவாக்கிய மூன்று நூல்களில் ஒன்றாக அதைச் சர் சி. வி. ராமன் குறிப்பிட்டிருக்கிறார். மிருதங்கத்தின் நடுவில் பூசும் கரணை, அந்தத் தோலின் துடிப்பை நரம்புக் கருவியின் துடிப்பு போல ஒழுங்காக்குகிறது என்று அவர் 1920இல் எழுதினார். மொழிபெயர்ப்பு வழியாக வந்த அறிவு இங்கே மூலமாகிவிட்டது.

ஆகவே என் வழக்கம் இது: முதலில் பிழையையும் சேர்த்து அப்படியே மாற்று. எண்ணுக்கு எண் ஒத்துப்போகிறது என்று நிரூபி. அதன் பிறகு, தனி நாளில், தனிக் குறிப்போடு திருத்து. எல்லிஸின் அடைப்புக்குறி அதுதான்.

எண்ணுக்கு எண் என்றால் கடைசி விடையை மட்டும் பார்த்தால் போதாது. இரண்டு தவறுகள் ஒன்றையொன்று சமன் செய்து சரியான விடையைத் தந்துவிடும். படிக்குப் படி இடைநிலை எண்களையும் ஒப்பிட வேண்டும். இதற்கும் நம் பக்கத்தில் ஒரு முன்னோடி உண்டு. சாம்பவர் வடகரையில் பிறந்து தஞ்சாவூரில் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர் 1917இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டார். ஸ்தாயியில் சுருதி 22 இல்லை, சம இடைவெளியில் 24 என்பது அவர் வாதம். வாதத்தை ஏற்காதவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. ஆனால் அவர் முடிவை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை; பக்கம் பக்கமாக அட்டவணை போட்டுக் கணக்கை விரித்து வைத்தார். அவரை மறுப்பவரும் அவர் எண்ணை எடுத்துத்தான் மறுக்க முடியும். நூறாண்டு கழித்து ஒரு மாணவி அந்த அட்டவணையைக் கணினியில் போட்டு வரிவரியாகச் சரிபார்க்கலாம்.

பழைய வீட்டுக்குப் புதிய வாசல்

முழுவதையும் மாற்றி எழுதத்தான் வேண்டுமா? இன்னொரு வழி உண்டு. செவி நரம்பின் துடிப்பைக் கணக்கிடும் புகழ்பெற்ற மாதிரி ஒன்றை லாரல் கார்னி, இயன் புரூஸ், முகமது சிலானி முதலியோர் பல ஆண்டுகளாக வளர்த்தெடுத்தார்கள். அதன் உள்ளம் சி மொழி, வெளிவாசல் மேட்லாப். ஜெர்மனியில் மாரெக் ருட்னிட்ஸ்கியும் உடனாளிகளும் காக்ளியா என்ற பெயரில் அதைப் பைத்தானுக்குக் கொண்டுவந்தபோது உள்ளத்தை இடிக்கவில்லை. சி அப்படியே இருக்க, வாசலை மட்டும் மாற்றினார்கள். அப்போதுதான் தெரிந்தது, உள்ளே இருந்த சி நிரலும் நடுநடுவே மேட்லாபைக் கூப்பிட்டு வேலை வாங்கிக்கொண்டிருந்தது: இரைச்சலை உருவாக்க, மாதிரி வீதத்தை மாற்ற. சுவரை இடிக்காவிட்டாலும் அந்த இரண்டு குழாயையும் மாற்றித்தான் ஆகவேண்டும்.

நரம்புத் துடிப்பில் தற்செயலும் கலந்திருக்கிறது. ஒரே ஒலிக்கு ஒவ்வொரு முறையும் துடிப்பு சற்று மாறும். தற்செயல் எண்களைத் தொடங்கிவைக்கும் விதை எண்ணை இரண்டு மொழிகளிலும் ஒன்றாகவே கொடுத்தால், எல்லா மதிப்புக்கும் சமவாய்ப்புள்ள எண்கள் ஒத்துப்போவதுண்டு. சராசரியைச் சுற்றிக் குவியும் மணிவளைவு எண்கள் ஒத்துப்போகாது, உருவாக்கும் முறை வேறு. அங்கே எண்ணுக்கு எண் கேட்பது தவறு. ஆயிரம் முறை ஓட்டி, சராசரியும் பரவலும் ஒத்துப்போகின்றனவா என்று கேட்க வேண்டும். எதைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பது என்று அறிவதும் கணக்கின் பகுதிதான்.

இவற்றையெல்லாம் ஒழுங்காகச் செய்யும் இடங்கள் உண்டு. வியன்னாவை மையமாகக் கொண்டு பியோட்டர் மைடாக் குழுவினர் பராமரிக்கும் செவி மாதிரித் தொகுப்பு, கட்டணம் உள்ள மேட்லாபிலும் கட்டணமில்லா ஆக்டேவிலும் ஓடுகிறது. ஒவ்வொரு மாதிரியும் எந்த அளவு சரிபார்க்கப்பட்டது என்று அதில் குறித்திருக்கிறார்கள். மூலக் கட்டுரையின் படங்களை மறுபடி வரைந்து காட்டும் நிரல்களும் உடன் வருகின்றன. பிரிட்டனில் 2021இல் போட்டிகளைத் தொடங்கிய கிளாரிட்டி திட்டத்தார், கேம்பிரிட்ஜில் பிறந்த செவிக்குறைப் பாவனை நிரலை மேட்லாபிலிருந்து பைத்தானுக்கு மாற்றி எல்லோருக்கும் திறந்துவைத்தார்கள். என் அப்பாவுக்கு எப்படிக் கேட்கும் என்று நான் முதன்முதலாகக் கேட்டது அந்த வகை நிரல் ஒன்றில்தான். என் குரலையே அதில் போட்டேன். இரண்டு வாக்கியம் கேட்டுவிட்டு நிறுத்திவிட்டேன்.

நம் இசைக்கும் இது நடந்திருக்கிறது. பார்சிலோனாவின் சேவியர் செர்ரா 2011இல் தொடங்கிய காம்ப்மியூசிக் திட்டத்தில் சென்னை ஐ.ஐ.டி.யின் ஹேமா மூர்த்தி குழுவும் பங்கேற்றது. ஆதார சுருதி கண்டறிய, மிருதங்கச் சொல் பிரிக்க என்று பலரும் பல மொழிகளில் நிரல் எழுதினார்கள். திட்டம் முடிந்த பிறகு சிதறிக் கிடந்த கருவிகள் பலவற்றை ஒரே பைத்தான் தொகுப்பாகச் சேர்த்தார்கள். யாராவது சேர்க்காவிட்டால் அவை அவரவர் மடிக்கணினியோடு போயிருக்கும்.

இங்கிருந்து செய்ய முடிவது

இடம் கிடைக்காமல் பின்னால் நிற்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இப்போது. பைத்தானுக்குக் காசு வேண்டாம், ஆக்டேவுக்கும் வேண்டாம். நீங்கள் கல்லூரிக்குப் போனதும் யாரோ ஒருவர் பழைய நிரலைக் கையில் கொடுத்து ‘மாத்திக் கொடு’ என்பார். மட்டமான வேலை என்று நினைக்காதீர்கள். ஒரு நிரலைப் பயன்படுத்துகிறவர் அதன் விடையைப் பார்க்கிறார். மாற்றுகிறவர்தான் ஒவ்வொரு வரியிலும் ‘ஏன்?’ என்று கேட்க வேண்டியவர். எழுதியவரே மறந்த முடிவுகளை அவர்தான் வெளியே எடுக்கிறார். புதிய மொழியில் முதல் வரி எழுதும் முன்பே பழைய நிரலை ஓட்டி, சோதனை ஒலிகளையும் விடைகளையும் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். பழைய கணினி நின்றுபோன பிறகு அதைக் கேட்க முடியாது.

நானும் அப்படி ஒன்று வைத்திருக்கிறேன். அப்பா வேலைபார்த்த தறிக்கூடம் மூடப்படுவதற்குச் சில நாள் முன்பு போய்ப் பத்து வினாடி பதிவு செய்தேன். என் செவி நிரலோடு அந்த ஒலியும், அதற்குப் பழைய மேட்லாப் நிரல் தந்த எண்களும் ஒரு கோப்பில் போகின்றன. நிரல் பைத்தானுக்கு வந்தபோது அந்தத் தறியை ஓட்டிப் பார்த்தேன். ஒரு மாணவர் இப்போது ஜூலியா மொழிக்குக் கொண்டுபோகிறார். அவரும் முதலில் அதைத்தான் ஓட்டுகிறார். சங்கரன்கோவிலில் அந்தக் கூடம் இருந்த இடத்தில் இன்று சத்தமில்லை. எங்கள் கோப்பில் அந்தத் தறி ஒவ்வொரு மொழிமாற்றத்துக்கும் ஒருமுறை பத்து வினாடி ஓடுகிறது. எண் ஒத்துப்போனால் மீதிப் பாதி மதிப்பெண் போட்டுக்கொள்கிறோம்.